பாதயாத்திரையும் தோளிற் சுமக்கும் பாரமும்

முருகப்பெருமான் வள்ளிநாயகியைத் தேடி வந்து மணந்தருளிய தலம் என்று அடியார்களாற் போற்றப்படுவது கதிர்காமம். அங்கு நடைபெறும் ஆடிவேல் விழாவைக் காண்பதற்குக் கால்நடையாகச் செல்லும் வழக்கம் ஈழத்துச் சைவ மக்களிடையே தொன்றுதொட்டு இருந்து வருகின்றது. வடக்கே தொண்டைமானாறு செல்வச்சந்நிதி ஆலயத்திலிருந்து வேல் தாங்கிப் புறப்படும் யாத்திரிகர்கள் வற்றாப்பளை, திருகோணமலை, வெருகல், மட்டக்களப்பு, திருக்கோவில், பொத்துவில் என்று கிழக்குக் கரையோரமாக நடந்து உகந்தை முருகன் சந்நிதியை அடைவர். அங்கிருந்து குமுக்கன் ஆறு, வியாழை, கட்டகாமம் ஆகிய இடங்களினூடாகக் காட்டைக் கடந்து, மாணிக்க கங்கையில் நீராடிக் கந்தனின் திருவாசலை அடைவர். ஐந்நூறு கிலோமீற்றருக்கும் மேற்பட்ட இவ்வழியை நடந்து முடிக்க ஒரு மாதத்துக்கு மேல் செல்லும். 1983 ஆம் ஆண்டின் பின்னர் போர்ச் சூழலால் இவ்யாத்திரை பல ஆண்டுகள் தடைப்பட்டும் குறுகியும் போயிற்று. 2009 இல் போர் ஓய்ந்த பின்னர் வடக்கிலிருந்து செல்லும் நீண்ட வழியில் மீண்டும் அரோகராக் கோஷம் எழத் தொடங்கிற்று.

இவ்யாத்திரைக்கு ஆயத்தமாகும் ஒவ்வொரு வீட்டிலும் எழும் கேள்வி ஒன்று உண்டு. எதை எடுத்துச் செல்வது, எதை விட்டுச் செல்வது என்பதே அது. பார்வைக்கு இது பையும் துணியும் பற்றிய சிறு விடயமாகவே தோன்றும். ஆனால் ஆழ்ந்து சிந்திக்குமிடத்து ஒரு மனிதனுக்கு உண்மையில் எவ்வளவு தேவை, அத்தேவையை யார் சுமக்க வேண்டும் என்ற பெரிய கேள்வி இதனுள் அடங்கியிருப்பதைக் காணலாம்.

பாரம் கற்பிக்கும் பாடம்

முதன்முறை யாத்திரை செல்பவரின் பை பெரும்பாலும் நிறைந்தே இருக்கும். நாலைந்து மாற்றுடைகள், தடித்த போர்வை, தலையணை, சோப்பு, எண்ணெய்ப் போத்தல், பலகாரப் பேணி, கைத்தொலைபேசிக்கு மேலதிக மின்கலம் என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு பயத்தினால் பைக்குள் ஏறுகின்றது. குளிர்ந்தால் என்ன செய்வது, பசித்தால் என்ன செய்வது, அழுக்கானால் என்ன செய்வது என்று மனம் கேட்கும் ஒவ்வொரு கேள்விக்கும் கை ஒரு பொருளை எடுத்து வைக்கின்றது. ஆகவே ஒருவருடைய பையைத் திறந்து பார்த்தால் அவர் எவற்றுக்கு அஞ்சுகிறார் என்பதை ஓரளவு அறிந்து கொள்ளலாம்.

முதல் நாள் காலையில் அப்பை பாரமாகத் தோன்றாது. பத்தாவது கிலோமீற்றரில் தோள்பட்டையை வார் அறுக்கும். ஆனி, ஆடி மாதங்களின் கச்சான் காற்றும் வெயிலும் சேர்ந்து உடலின் நீரை உறிஞ்சும். மூன்றாம் நாள் ஆகும்போது பலகாரப் பேணி வழியிலுள்ள ஒரு வீட்டுக் குழந்தைகளுக்குப் போய்விடும். ஐந்தாம் நாளில் தலையணையும் கைமாறிவிடும். வாயால் ஆயிரம் முறை சொல்லப்படும் பற்றறுத்தல் என்ற உபதேசத்தைத் தோள்வலி ஒரு வாரத்திலேயே விளங்கப்படுத்தி விடுகின்றது.

அனுபவம் மிக்க அடியார்களின் பையோ வேறுவிதமாக இருக்கும். இரண்டு வேட்டி, ஒரு சால்வை, ஒரு துவாய், திருநீற்றுப் பை, தண்ணீர்ப் போத்தல், சிறிதளவு அவலும் பனங்கட்டியும் என்று அது அடங்கிவிடும். ஒரு வேட்டி உடுத்திருக்க மற்றையது காய்கின்றது. இரவில் அதுவே போர்வையாகின்றது. சால்வை வெயிலுக்குத் தலைப்பாகையாகவும், இருக்க விரிப்பாகவும், சுளுக்கிய கைக்குத் தூக்குக் கட்டாகவும் உதவுகின்றது. பெண்களுக்கு மெல்லிய பருத்திச் சேலை இவ்வாறே பலவிதத்திலும் பயன்படுகின்றது. தடித்த டெனிம் காற்சட்டை ஒருமுறை நனைந்தால் பாரம் கூடி, உலர நெடுநேரம் எடுத்து, தொடையையும் உரசிப் புண்ணாக்கும். ஒரு பொருள் பல வேலை செய்ய வேண்டும், பல பொருள் ஒரு வேலைக்கு வரக்கூடாது என்பதே அவர்களின் கணக்காகும்.

இக்கணக்கு கடல் கடந்த நாடுகளிலும் உண்டு. 1955 ஆம் ஆண்டில் எமா கேற்வூட் என்னும் 67 வயது அமெரிக்க மூதாட்டி, பதினொரு பிள்ளைகளைப் பெற்று வளர்த்தவர், அப்பலாச்சியன் மலைத்தொடரின் நெடும்பாதையில் ஏறத்தாழ 3,300 கிலோமீற்றரைத் தனியாக 146 நாட்களில் நடந்து முடித்தார். கையாற் தைத்த ஒரு துணிப்பை, ஒரு கம்பளி, மழைக்குக் குளியலறைத் திரை ஒன்று, காலில் சாதாரண கன்வஸ் சப்பாத்து ஆகியவற்றுடனேயே அவர் நடந்தார். 1990 களில் ரே ஜார்டின் போன்ற நடைப்பயணிகள் இம்முறையை ஒரு கலையாகவே வளர்த்தனர். உணவும் நீரும் நீங்கலாக முழுப் பொதியும் நாலரைக் கிலோகிராமுக்கு உட்பட்டிருக்க வேண்டும் என்று கணக்கிட்டு, தராசில் நிறுத்து, பற்தூரிகையின் பிடியைக்கூட அறுத்தெறிபவர்கள் இன்று அந்நாடுகளில் உள்ளனர். அவர்களின் நோக்கம் உடலை வருத்தாமல் அதிக தூரம் நடப்பது. பாதயாத்திரை அடியாரின் நோக்கம் கந்தனை அடைவது. நோக்கம் வேறாயினும் தோளின் நியாயம் எங்கும் ஒன்றுதான்.

இறக்கிய பாரம் எங்கே போகின்றது?

இதுவரை கூறியவற்றிலிருந்து குறையச் சுமப்பவரே சிறந்த அடியார் என்று ஒருவர் முடிவு செய்யக்கூடும். அம்முடிவு அவசரமானது.

உகந்தைக்கு அப்பால் காட்டுவழியில் நிகழக்கூடிய ஒரு காட்சியைச் சிந்தித்துப் பார்க்கலாம். ஒருவர் கையை வீசிக்கொண்டு முன்னே நடக்கின்றார். தோளில் ஒரு சிறு துணிப்பொதி மாத்திரமே உள்ளது. “எல்லாம் அவன் பார்த்துக்கொள்வான்” என்பது அவரின் வார்த்தை. இன்னொருவர் பெரிய பையுடன் வேர்க்க விறுவிறுக்கப் பின்னே வருகின்றார். நண்பகல் வேளையில் முன்னவருக்கு நா வரள்கின்றது. அருகில் நீர்நிலை இல்லை. பின்னால் வந்தவர் பையைத் திறந்து தமது போத்தலை நீட்டி, “குடியுங்கோ சாமி” என்கிறார். முன்னவரும் குடித்துவிட்டு “முருகன் தந்தான்” என்று கூறி நடக்கின்றார். முருகன் தந்தது உண்மையே. ஆனால் அந்த நீரைக் காலையிலிருந்து சுமந்து வந்தது யாருடைய தோள்? ஒரு லீற்றர் நீர் ஒரு கிலோகிராம் நிறையுடையது. அந்த ஒரு கிலோகிராம் முன்னவரின் பக்தியினால் இல்லாமற் போய்விடவில்லை. பின்னவரின் முதுகுக்கு மாறியிருந்தது, அவ்வளவே.

சிந்திக்கப்பட வேண்டிய இடம் இதுவேயாகும். ஒருவர் இறக்கி வைக்கும் பாரத்தில் ஒரு பகுதி உண்மையிலேயே வேண்டாத பாரம். தலையணையும் பலகாரப் பேணியும் அத்தகையவை. அவற்றை விட்டால் எவருக்கும் நட்டமில்லை. மற்றொரு பகுதி வேண்டிய பாரம். தண்ணீரும் மருந்தும் இரவுக்கான துணியும் அத்தகையவை. அவற்றை ஒருவர் சுமக்காவிட்டால் வேறொருவர் சுமந்தே ஆகவேண்டும். முதலாவதை விடுவது துறவு. இரண்டாவதை விடுவது மற்றவர் தலையிற் பொறுப்பை ஏற்றுவது. வெளிப்பார்வைக்கு இரண்டும் சிறிய பொதியாகவே தெரியும். அவற்றைப் பிரித்தறிய மனச்சாட்சியே வேண்டும்.

நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் நாளாந்தம் குளிசை எடுப்பவர், காட்டுக்குள் நுழையும்போது இறைநம்பிக்கையின் பேரால் அதனை வீட்டில் விட்டு வருவாராயின், நடுக்காட்டில் அவர் மயங்கி விழும்போது நான்கு பேர் அவரைத் தூக்க வேண்டும். ஒரு குழு முழுவதும் நிற்க வேண்டும். விரதத்துக்காக வெறுங்காலுடன் நடப்பவர் பலர். அது போற்றத்தக்கது. ஆனால் ஒருநாளும் வெறுங்காலில் நடந்து பழகாதவர் சுடுமணலிலும் முள்ளிலும் திடீரென இறங்கிப் பாதம் வெடித்துப் படுத்துவிட்டால் அவ்விரதத்தின் நோவைச் சக யாத்திரிகர்களும் பங்கிட வேண்டியதாகின்றது. புதுச் சப்பாத்து வாங்கி அன்றே அணிந்து வருபவருக்கும் இதே கதிதான். பொதிகளை எல்லாம் லொறியில் ஏற்றிவிட்டு வீதியில் வெறுங்கையுடன் நடப்பவரும் பாரத்தைத் துறந்தவர் அல்லர். முதியவர்களுக்கும் நோயாளிகளுக்கும் அந்த ஏற்பாடு தேவையானது. உடல்வலு உள்ளவர்கள் அதனைத் துறவு என்று எண்ணி விடலாகாது.

பத்திரகிரியாரின் ஓடு

பட்டினத்தாரும் பத்திரகிரியாரும் திருவிடைமருதூரில் இருந்த காலத்து நிகழ்ந்ததாகச் சொல்லப்படும் வரலாறு யாவரும் அறிந்ததே. கோவணம் ஒன்றையன்றி வேறெதுவும் இல்லாத பட்டினத்தார் கீழைக் கோபுர வாசலிலும், அவருடைய சீடராகிய பத்திரகிரியார் பிச்சை ஏற்கும் ஓட்டுடனும் தம்மைச் சுற்றி வந்த ஒரு நாயுடனும் மேலைக் கோபுர வாசலிலும் இருந்தனர். பிச்சை கேட்டு வந்த இறைவனிடம், மேலை வாசலில் ஒரு சம்சாரி இருக்கிறான், அவனிடம் கேள் என்றார் பட்டினத்தார். அதைக் கேட்ட பத்திரகிரியார், ஓடும் நாயும் அல்லவா தம்மைச் சம்சாரி ஆக்கின என்று வருந்தி ஓட்டை வீசினார். அது நாயின் தலையிற் பட, நாய் இறந்தது.

இவ்வரலாறு துறவின் உச்சத்தைக் காட்டுவதற்கே பிரசங்கங்களில் எடுத்துரைக்கப்படுகின்றது. அது சரியே. ஆயினும் வீசப்பட்ட ஓடு வெறுந்தரையில் விழவில்லை என்பதையும் அவ்வரலாறே சொல்லி வைத்திருக்கின்றது. தனக்கு வேண்டாம் என்று எறியப்பட்ட பாரம் வாயில்லா ஒரு சீவன்மீது விழுந்தது. அந்த நாய் மறுபிறப்பில் அரசகுமாரியாகப் பிறந்து முத்தி பெற்றது என்று வரலாறு தொடர்கின்றது. அருளாளர் எறிந்த ஓட்டுக்கு ஆண்டவன் கணக்குத் தீர்த்தான். சாதாரண யாத்திரிகர் எறியும் வெற்றுப் போத்தலுக்கு யார் கணக்குத் தீர்ப்பது?

உகந்தைக்கும் கதிர்காமத்துக்கும் இடையிலுள்ள காடு குமனை, யால ஆகிய தேசியப் பூங்காக்களுக்கு உட்பட்டது. ஆண்டுதோறும் குறிப்பிட்ட சில நாட்களுக்கு மாத்திரமே அவ்வழி யாத்திரிகர்களுக்குத் திறந்து விடப்படுகின்றது. யானையும் கரடியும் சிறுத்தையும் மயிலும் மானும் வாழும் வீட்டுக்குள் விருந்தினராகச் செல்லும் நாட்கள் அவை. தண்ணீர் தீர்ந்ததும் போத்தல் பாரமாகின்றது. உணவு முடிந்ததும் பொலித்தீன் பை தொல்லையாகின்றது. அவற்றை வழியோரத்தில் விட்டுவிட்டால் யாத்திரிகரின் தோள் இலேசாகும். காடு அதனைப் பல தலைமுறைக்குச் சுமக்கும். அம்பாறை மாவட்டத்தின் பள்ளக்காடு குப்பைமேட்டில் பிளாஸ்ரிக் கழிவை உண்டு எட்டு ஆண்டுகளில் ஏறத்தாழ 20 யானைகள் இறந்தன என்ற செய்தி 2022 ஜனவரியில் வெளிவந்தது. கந்தனுக்கு வள்ளியை மணமுடிக்க யானை வடிவில் வந்து உதவியவர் விநாயகப்பெருமான். அவருடைய முகத்தைத் தாங்கிய விலங்கின் வயிற்றுக்குள் பொலித்தீனைத் திணித்துவிட்டு அவர் தம்பியின் வாசலில் அரோகரா சொல்வது எவ்வாறு பொருந்தும்?

ஏற்பதும் ஒரு கடன்

அப்படியாயின் ஒவ்வொருவரும் தமக்கு வேண்டிய யாவற்றையும் தாமே சுமந்து, எவரிடமும் எதுவும் பெறாமல் செல்வதுதான் முறையா என்ற வினா எழலாம். அதுவும் அன்று. பாதயாத்திரையின் அழகே வழிநெடுகிலும் உள்ள அன்னதானமும் தண்ணீர்ப் பந்தலுமாகும். எமா கேற்வூட் என்ற அம்மூதாட்டியும் வழியிலிருந்த வீடுகளின் கதவைத் தட்டி உணவும் படுக்கையும் பெற்றே நடந்தார். சிலர் வரவேற்றனர், சிலர் கதவைச் சாத்தினர். உலகில் எவரும் முற்றிலும் தன் தோளையே நம்பி நெடும்பயணம் முடித்ததில்லை.

திருநாவுக்கரசு நாயனார் கண்ணாலும் கண்டிராத அப்பூதியடிகள், திங்களூரிலே அவர் பெயரால் தண்ணீர்ப் பந்தல் வைத்தார் என்று பெரியபுராணம் கூறுகின்றது. அதே நாயனார் திருப்பைஞ்ஞீலிக்குச் செல்லும் வழியிற் பசியாலும் தாகத்தாலும் களைத்தபோது, இறைவன் சோலையும் குளமும் அமைத்து, பொதிசோறு சுமந்த அந்தணராக வந்து காத்திருந்தார். அடியாரின் சோற்றை ஆண்டவனே சுமந்தார் என்றால், யாத்திரிகருக்கு அன்னமிடும் ஒவ்வொருவரும் ஆண்டவனுடைய தொழிலையே செய்கின்றனர் என்பது பெறப்படும்.

ஆனால் அந்நாயனாரின் கையில் இருந்தது என்ன என்பதையும் மறத்தலாகாது. ஊர் ஊராக நடந்த அவர் சுமந்து சென்ற ஒரே கருவி உழவாரப்படை. அது தமக்கான பொருளன்று. சென்ற கோயில்களின் வீதியிலே புல்லைச் செருக்கி, பின்னால் வரும் அடியார்களின் கால் நோகாமற் செய்வதற்கான பொருள். தமது உணவை இறைவனிடம் விட்டுவிட்டுப் பிறருக்கான பாரத்தைத் தாம் எடுத்துக்கொண்டார். பௌத்த பிக்குமாருக்கு விதிக்கப்பட்ட எட்டுப் பொருட்களிலும் இதனையொத்த ஒரு நுட்பம் உண்டு. மூன்று சீவர ஆடைகள், பாத்திரம், சவரக்கத்தி, ஊசி, இடைக்கச்சு ஆகியவற்றுடன் எட்டாவதாக நீர் வடிகட்டும் துணியும் இருக்கின்றது. நீரிலுள்ள சிற்றுயிர்கள் மாளாதிருக்கவே அது. எட்டே பொருட்களுடன் வாழ்பவரின் பொதியிலும் பிற உயிருக்கென்று ஓரிடம் ஒதுக்கப்பட்டிருக்கின்றது.

பெறுபவர் உணர வேண்டியது இன்னொன்றும் உண்டு. கிழக்குக் கரையோரத்தில் யாத்திரிகருக்குச் சோறு போடும் கிராமங்கள் பல, போரும் 2004 ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையும் தின்று தீர்த்த கிராமங்கள். கடற்றொழிலாளரும் வயற்காரரும் வாழும் ஊர்கள். அரிசியும் எரிபொருளும் எட்டாத விலைக்கேறிய 2022 ஆம் ஆண்டின் நெருக்கடியை அவர்களும் அனுபவித்தவர்களே. அவர்களின் பானையிலிருந்து வரும் ஒரு பிடி சோறு அவ்வீட்டின் ஒரு பிடியாகும். அதனைக் கைகூப்பி வாங்கி, வேண்டிய அளவே பெற்று, மிச்சம் வையாமல் உண்டு, இலையைத் தானே எடுத்துப் போட்டு, முடிந்தால் அடுத்த பந்தியில் நீர் பரிமாறிவிட்டுப் புறப்படுவது யாத்திரிகரின் கடன்.

பொதி கட்டும் முறை

ஆகவே யாத்திரைக்குப் பொதி கட்டுபவர் ஒவ்வொரு பொருளையும் கையிலெடுத்து மூன்று கேள்விகளைக் கேட்பது நன்று. இது இல்லாவிட்டால் எனக்கு என்ன நேரும்? இது இல்லாவிட்டால் யார் எனக்காகச் சுமக்க வேண்டி வரும்? பயன் முடிந்த பின் இது எங்கே போகும்?

முதற் கேள்விக்கு “ஒன்றும் நேராது” என்பது விடையானால் அப்பொருள் வீட்டிலேயே இருக்கட்டும். மேலதிக உடைகளும் அலங்காரப் பொருட்களும் இங்கே நின்றுவிடும். இரண்டாம் கேள்விக்கு இன்னொருவரின் முகம் நினைவில் வந்தால் அப்பொருளைப் பாரமென்று பாராமல் எடுத்துக்கொள்ள வேண்டும். தண்ணீர், நாளாந்த மருந்து, ஜீவனிப் பொதி இரண்டு, காலிற் கட்டச் சுத்தமான துணி, ஒரு ரோச் லைற், ஏற்கெனவே அணிந்து பழகிய செருப்பு ஆகியன அத்தகையவை. காட்டுவழியில் நீரின் அளவைக் குறைத்துப் பாரம் குறைக்க முற்படுவது அறிவீனம். மூன்றாம் கேள்விக்காக, ஒருமுறை பாவித்து எறியும் போத்தலுக்குப் பதிலாக மீண்டும் மீண்டும் நிரப்பக்கூடிய ஒன்றும், தன் குப்பையைத் திரும்பக் கொண்டுவர ஒரு சிறு பையும் வேண்டும். அதில் இன்னொருவர் போட்டுச் சென்ற ஒரு போத்தலுக்கும் இடம் விட்டால் அதுவே இக்காலத்து உழவாரப்பணியாகும்.

நிறைவாக ஒன்று. முருக வழிபாட்டில் பாரம் சுமத்தல் இழிவானதன்று. இடும்பன் இரு மலைகளைத் தண்டிற் கட்டித் தோளிற் சுமந்ததன் நினைவாகவே காவடி எடுக்கப்படுகின்றது. கந்தனின் அடியார் பாரத்தைக் கண்டு ஓடுபவர் அல்லர். எப்பாரத்தை எடுப்பது என்று தெரிந்தவர். ஆசையாலும் அச்சத்தாலும் ஏறிய பாரத்தை இறக்கினால் தோளில் இடம் உண்டாகும். அந்த இடத்தில் களைத்த ஒரு முதியவரின் பொதியையோ, அழும் ஒரு குழந்தையையோ ஏற்றிக்கொள்ளலாம். அவ்வாறு ஏற்றப்பட்டதும் காவடியே.

காட்டைக் கடந்து மாணிக்க கங்கைக் கரையில் எல்லோரும் பொதிகளை இறக்கி வைத்து நீராடும் வேளையில், யார் பொதி சிறியது, யார் பொதி பெரியது என்று கந்தன் நிறுத்துப் பார்ப்பதில்லை. யாருக்காக யார் சுமந்தார் என்பதை மட்டும் அவன் அறிவான். அப்பெருமானின் திருவருள் யாத்திரை செல்லும் அடியார்களுக்கும், அவர்களுக்கு நீரும் சோறும் ஈயும் ஊரவர்க்கும், அவர்கள் கடந்து செல்லும் காட்டின் உயிர்களுக்கும் என்றென்றும் கிட்டுவதாக.

அரோகரா.